ஓம்னி வேனில் கிழிந்த ஸ்டியரிங் பூட்: நானே மாற்றிய அனுபவம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களிடம் கரிசல் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் டயரில் ஏறுகிற மண் டயரோடு நிற்பதில்லை. மட்கார்டுக்குள், டை ராட் மேல், பிரேக் ஹோஸ் மேல் என்று கண்ட இடத்திலெல்லாம் அப்பிக்கொள்ளும். ஈரம் இருக்கும்வரை பிசுபிசுப்பு. நல்ல வெயில் அடித்துவிட்டால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி அதைத் தட்டி எடுக்க அடியில் படுத்தபோதுதான் இடது பக்க ஸ்டியரிங் பூட், அதாவது ஸ்டியரிங் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை, வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தேன்.

வண்டி 2006 மாடல் மாருதி ஓம்னி. கடலை மிட்டாயும் காரச்சேவும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பெட்டிக்கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. 1984-ல் மாருதி வேன் என்று வந்து, 1988-ல் ஓம்னி என்று பெயர் மாறி, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. சினிமாக்காரர்கள் ஆள் கடத்துவதற்கென்றே இதை வைத்திருந்தார்கள். நிஜத்தில் இதில் ஏறாத பள்ளிப்பிள்ளையும் இல்லை, பால் கேனும் இல்லை. அதனால் ஒரு வசதி. உற்பத்தி நின்றாலும் சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்கூட இதற்குச் சாமான் கிடைத்துவிடுகிறது.

ஓம்னியில் இருப்பது ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். என் வண்டியில் பவர் கிடையாது, ஆயில் கிடையாது, கைபலமும் கிரீஸும்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் சுழன்று, பல் வெட்டிய ஒரு நீளக் கம்பியை இடமும் வலமும் தள்ளும். அந்தக் கம்பிதான் ரேக். அதன் இரண்டு முனையிலும் பந்துமூட்டு ஒன்று இருக்கும். பட்டறையில் ரேக் எண்ட் என்பார்கள். அதிலிருந்து டை ராட் கிளம்பிப் போய், வெளிமுனையில் டை ராட் எண்ட் வழியாக, சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற நக்கிளைப் பிடித்திருக்கும். ரேக் வெளியே வந்து போகிற வாயையும் அந்த உள்மூட்டையும் சேர்த்து மூடியிருக்கிற மடிப்பு மடிப்பான ரப்பர்தான் ஸ்டியரிங் பூட். அகல முனை ரேக் உடம்பிலும் குறுகிய முனை டை ராடிலும் கிளிப் போட்டு நிற்கும்.

இது கிழிந்தால் அன்றைக்கு வண்டிக்கு ஒன்றும் ஆகாது. வம்பே அதில்தான். நிற்காது, இழுக்காது, சத்தம் வராது. ஆனால் உள்ளே போகிற தூசியும் தண்ணீரும் கிரீஸோடு சேர்ந்து, வால்வு அரைக்கிற பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பேஸ்ட் பந்துமூட்டை அரைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பள்ளத்தில் இறங்கும்போது டொக் என்று ஒரு சத்தம், ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம். அதையும் விட்டால் ரேக் கம்பி துருப்பிடித்து, துருவோடு உள்ளே போய் வந்து, ரேக் சறுக்கி ஓடுகிற புஷ்ஷையும் பினியனையும் தின்னும். அந்தக் கட்டத்தில் மொத்த ரேக்கையே மாற்ற வேண்டியதாகிவிடும். பந்துமூட்டு தேய்ந்து கழன்றே விட்டால் அந்தப் பக்கச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அப்போது பிரேக்கைத் தவிர உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

முன்சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒன்று. மாருதி 800 போன்ற வண்டிகளில் முன்பக்கம் ஆக்ஸில் பூட்டும் இருக்கும், ஸ்டியரிங் பூட்டும் இருக்கும். இரண்டும் மடிப்பு ரப்பர்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற தண்டில் இருந்தால் அது ஆக்ஸில் பூட். சுற்றாமல் இடவலமாக நகர்வது ஸ்டியரிங் பூட். ஓம்னி பின்சக்கர இழுவை என்பதால் முன்னால் ஆக்ஸில் தண்டே கிடையாது, குழப்பமும் கிடையாது.

கிழிசலைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும் என்பதல்ல. ஏன் கிழிந்தது? ரப்பர் வயசாகிச் செத்திருந்தால் எல்லா மடிப்பிலும் பொடிப்பொடியாக வெடிப்பு விழுந்திருக்கும். கல் அடித்திருந்தால் ஒரே இடத்தில் ஓட்டை. எலி கடித்திருந்தால் பல் தடம் தெரியும், ஓரம் பிய்ந்து பிய்ந்து இருக்கும். என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. குறுகிய முனைக்குப் பக்கத்து மடிப்பு சாய்வாக முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கு ஓடிய வழியிலேயே கீறி வந்திருந்தது.

முறுக்கு எங்கிருந்து வரும்? வீல் அலைன்மென்டில் இருந்து. டோ என்பது, மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு. அதைச் சரிசெய்ய, டை ராடையும் டை ராட் எண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கிற லாக் நட்டைத் தளர்த்தி டை ராடையே திருப்புவார்கள். பூட்டின் குறுகிய முனை டை ராடில் இறுக்கமாகப் பிடித்திருந்தால், ராடோடு ரப்பரும் சேர்ந்து திரும்பும். அகல முனையோ ரேக்கில் அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கிற மடிப்புகள்தான் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும் லாக் நட்டை முடுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். கிளிப்பைத் தளர்த்தி ரப்பரை நேராக்கிவிட யாருக்கும் தோன்றுவதில்லை. முறுக்கியபடியே நீண்டு சுருங்கி ஓடுகிற ரப்பர் எத்தனை மாதம் தாங்கும்? முந்தின வருஷம் டயர் மாற்றியபோது ஒரு இடத்தில் அலைன்மென்ட் பார்த்தது நினைவுக்கு வந்தது. புதுசு போடும்போது இந்த முறுக்கு வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது சந்தேகம் ஆயில் ஸ்ப்ரே மேல். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய இன்ஜின் ஆயிலையும் டீசலையும் கலந்து அடிப்பது நம் ஊர் வழக்கம். இரும்புக்கு அது நல்லதோ என்னவோ, ரப்பருக்கு ஆகவே ஆகாது. ஊறி உப்பி, மென்மை கெட்டு, கொஞ்ச நாளில் விரலால் கிள்ளினாலே பிய்ந்து வரும். என் பூட்டின் மேல்பக்கம் வழவழவென்று அந்த நிலைக்கு வந்திருந்தது.

பூட் வாங்கப் போவதற்கு முன்னால் உள்மூட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மூட்டு போயிருந்தால் பூட்டை மட்டும் மாற்றுவது வீண் வேலை. முன்சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமும் பிடித்து, அதாவது கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டோ ரேக் எண்டோ தளர்ந்திருக்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங்கையும் கீழ் பால் ஜாயின்டையும் பார்க்க வேண்டும். எது என்று பிரித்தறிய ஓர் ஆள் துணை வேண்டும். அக்கா மகனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே சின்னதாக இடமும் வலமும் அசைக்கச் சொன்னேன். நான் கிழிசல் வழியாக விரலை விட்டு ரேக் எண்ட் மேல் வைத்துக்கொண்டேன். மூட்டு தளர்ந்திருந்தால் விரலில் ஒரு தட்டு தெரியும். காதைவிட விரல் நம்பகமானது. தட்டு எதுவும் இல்லை.

பஜாரில் வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, ஓம்னிக்கு ஸ்டியரிங் பூட் வேணும்.”

“ஒண்ணா, ஜோடியா?”

“இடது பக்கம் மட்டும்தான் கிழிஞ்சிருக்கு.”

“ரெண்டும் ஒரே நாள்ல மாட்டுன ரப்பர் தம்பி. இன்னொண்ணு எத்தன நாளைக்கு நிக்கும்?”

வியாபாரத்துக்குச் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும் பேச்சில் நியாயம் இருந்தது. அலைன்மென்ட் காசு எப்படியும் ஒருமுறைதான். ஜோடியாகவே எடுத்தேன். இரண்டு தரத்தில் எடுத்துக் காட்டினார். மலிவானது கையில் பிளாஸ்டிக் போல விறைப்பாக இருந்தது. மடிப்பை விரித்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. மற்றது விரித்தாலும் கறுப்பாகவே இருந்தது, விட்டதும் பழையபடி சுருங்கியது. விலை வித்தியாசம் நாலு டீக்காசு. இந்த மாதிரிச் சாமானில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை. மடிப்பு எண்ணிக்கை, இரண்டு வாயின் அகலம், கூட வருகிற கிளிப், எல்லாவற்றையும் பழசின் போட்டோவோடும் எடுத்துப்போன அளவோடும் ஒப்பிட்டுக்கொண்டேன். பல வண்டிகளில் பினியன் இருக்கும் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் பூட் வேறு வேறாக இருக்கும். பெட்டியில் ஓம்னி என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கி வரக்கூடாது. நட்டு கழலாமல் துளையில் செருகி மடக்குகிற ஸ்பிளிட் பின் புதுசாக நாலைந்து, ஒரு சின்ன டப்பா லித்தியம் கிரீஸ் இரண்டையும் மறக்காமல் கேட்டு வாங்கினேன்.

டை ராடைக் கழற்றாமலே மாட்டுகிற, நடுவில் பிளந்து ஒட்டிக்கொள்கிற பூட்டும் உண்டு. சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கம்பி கட்டிவிடுகிற வைத்தியமும் உண்டு. மழைநேரத்தில் நடுவழியில் தெரிந்தால் டியூப் வைத்தியம் வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும், நானே வேறு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அதையே நிரந்தரமாக விட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் ஊறும். அதற்குத் திறந்து கிடப்பதே மேல்.

வேலைக்கு முந்தின சாயங்காலமே டை ராடின் லாக் நட்டிலும் நூலிலும், அதாவது நட்டு ஏறுகிற திருகு வரிகளிலும், கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, டபிள்யூடி-40 அடித்து விட்டுவிட்டேன். கரிசல் ஏறிய நட்டை அவசரப்பட்டுத் திருகினால் ஸ்பேனர்தான் வழுக்கும், நட்டின் முனை மழுங்கும். காலையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்ட் போட்டாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை விடக்கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்குப் பதில் ஆகாது, எடை ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லை என்றால் வேலையையே தள்ளிப்போடுங்கள்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. டை ராட் எண்ட் எவ்வளவு தூரம் நூலில் ஏறியிருக்கிறதோ அதுதான் சக்கரத்தின் டோவைத் தீர்மானிக்கிறது. பூட்டைக் கழற்ற வேண்டுமென்றால் டை ராட் எண்டையும் லாக் நட்டையும் கழற்றியாக வேண்டும். திரும்பப் போடும்போது பழைய இடத்துக்கே வர வேண்டும். நூலின் இடைவெளி ஒன்றேகால் மில்லிமீட்டர் என்று வைத்தாலும், நக்கிளின் கை குட்டை, டயரின் ஆரம் அதைவிட நீளம். அதனால் ஒரு முழுச்சுற்று தப்பினால் டயர் விளிம்பில் அது பல மில்லியாகப் பெருகிவிடும். 12 அங்குல ரிம் டயர் சின்னதுதான், அதற்கே இந்தக் கதை.

வொயிட்னரால் லாக் நட்டின் ஓரத்தில், நூலின் மேல், டை ராட் எண்டின் உடம்பில் மூன்றுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். அப்புறம் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, டை ராட் எண்ட் பந்தின் நடுவிலிருந்து டை ராடில் மாறாத ஓர் இடம்வரை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினேன். கழற்றும்போது சுற்றையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

“மாமா, சுத்த எண்ணுனா போதாதா? எதுக்கு இத்தன அடையாளம்?”

“நடுவுல போன் வந்தா எண்ணிக்கை போச்சு மாப்ளே. கையில கிரீஸ் பட்டா வொயிட்னர் போச்சு. சுவத்துல எழுதுனது எங்கயும் போகாது.”

லாக் நட்டைத் தளர்த்துவது, டை ராட் எண்ட் இன்னும் நக்கிளில் மாட்டியிருக்கும்போதே நடக்க வேண்டும். கழற்றிய பிறகு பிடிக்கப் பிடிமானம் இருக்காது. டை ராட் எண்டின் தட்டையான இடத்தில் ஒரு ஸ்பேனர், லாக் நட்டில் ஒரு ஸ்பேனர். இரண்டையும் எதிரெதிராக அழுத்தினால் கடக் என்று விடும். கால் சுற்று தளர்ந்தால் போதும்.

பிறகு ஸ்பிளிட் பின். என் வண்டியில் அது துருவேறித் துளைக்குள்ளேயே உடைந்துபோனது. மெல்லிய பஞ்ச் கம்பியை வைத்துத் தட்டி எடுத்தேன். டை ராட் எண்டை நக்கிளோடு பிடித்திருக்கிற, பல் வெட்டிய ‘காசில் நட்’டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று நூல் மிச்சம் விட்டு, நக்கிளின் கண் பகுதியை, அதாவது போல்ட் நுழைந்திருக்கும் இரும்பைப் பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்க வேண்டும். போல்ட்டின் முனையை அடிக்கக் கூடாது. நூல் காளானாக விரிந்துவிடும். கூம்பாகச் செருகியிருக்கிற போல்ட், நாலைந்து நல்ல அடியில் தானே விட்டுவிடும். மிச்சம் விட்ட நட்டு அது துள்ளி விழாமல் பிடித்துக்கொள்ளும். மூட்டைப் பிடித்துத் தள்ளிக் கழற்றுகிற புல்லர் இருந்தால் இன்னும் நிம்மதி. கவை மாதிரி இருக்கிற ஆப்பைச் செருகி அடிப்பது வேண்டாம். அது டை ராட் எண்டின் சின்ன ரப்பர் மூடியைக் கிழித்துவிடும், ஒரு பூட்டை மாற்றப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதையாகும். சில வண்டிகளில் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றும். டை ராட் எண்டைக் கூம்பு இறுகும் திசையில் நெம்புகோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பினால் நிற்கும்.

டை ராட் எண்ட், லாக் நட் வந்தபின் பழைய கிளிப்புகளை வெட்டி எறிந்து பூட்டை உருவினேன். உள்ளே இருந்த கிரீஸ் சாம்பல் நிறத்தில் களிமண்ணாக இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநற. நல்லவேளை, நீர்த்துளி இல்லை. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுகிறவர்கள் உண்டு. அப்படி ஊற்றினால் வெளியே இருக்கிற மண் கரைந்து ரேக்குக்குள் போகும். பழைய பருத்தித் துணியில் லேசாக மண்ணெண்ணெய் நனைத்து, உள்ளிருந்து வெளியே பார்த்துத் துடைத்தேன். துணி மாற்றி மாற்றி, கறுப்பு வருவது நிற்கும்வரை. பிறகு ஸ்டியரிங்கை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, ரேக் கம்பி வெளியே வந்ததும் அதையும் துடைத்தேன். டை ராட் கழன்றிருக்கும்போது ஸ்டியரிங்கை வேகமாகக் கடைசிவரை சுற்றி மோதவிடக் கூடாது.

கம்பியின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் சில புள்ளிகள். இது வெறும் கறையா, குழியா என்பதுதான் கேள்வி. நகத்தை அதன் மேல் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. கறைதான். நகம் தட்டியிருந்தால் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் குழி உள்ளே புஷ்ஷை அராவும். உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கவில்லை, அதன் தூள் உள்ளே போனால் அதுவே மண்ணைவிட மோசம். ரேக் எண்டையும் கையில் பிடித்துப் பார்த்தேன். டை ராடைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழாமல் கொஞ்சம் முரண்டு பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். நேர்கோட்டில் இழுத்துத் தள்ளினால் கிளிக் என்று எந்த அசைவும் இருக்கக் கூடாது. என்னுடையது முரண்டு கொஞ்சம் குறைவுதான், ஆனால் கிளிக் இல்லை. இன்னும் ஓடும் என்று விட்டேன். கிளிக் இருந்திருந்தால் அங்கேயே வேலையை நிறுத்திப் பட்டறைக்குத்தான் போயிருப்பேன். ரேக் எண்டைக் கழற்றும்போது ரேக் கம்பியைத் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திருகுகிற பலம் முழுதும் பினியன் பல்லில் ஏறும். அதற்கு உரிய கருவியும் பழகிய கையும் வேண்டும்.

புதுக் கிரீஸைப் பந்துமூட்டைச் சுற்றியும் ரேக் கம்பி மேலும் தாராளமாகத் தடவினேன். ஆனால் பூட்டை நிரப்பவில்லை. ரப்பர் சுருங்கும்போது உள்ளே இருக்கிற காற்றுக்கு இடம் வேண்டும். நிரப்பி வைத்தால் கிளிப்பைத் தள்ளிக்கொண்டு பிதுங்கும்.

பூட்டின் குறுகிய வாய்க்குள்ளே மட்டும் விரல் நுனியால் ஒரு பூச்சு கிரீஸ். முறுக்குக்கு வைத்தியம் இதுதான். நாளைக்கு யாராவது டை ராடைத் திருப்பினாலும் ராட் ரப்பருக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பும், ரப்பர் தன் இடத்தில் நிற்கும். அகல வாய்க்குள் கிரீஸ் கூடாது, அது வழுக்காமல் பிடிக்க வேண்டிய இடம். அகல வாயைப் பள்ளத்தில் உட்காரவைத்து, விரலால் சுற்றிலும் தடவி எங்கும் மடங்கவில்லை என்று பார்த்துவிட்டு கிளிப் போட்டேன். குறுகிய முனைக் கிளிப்பை ஸ்டியரிங் நேராக இருக்கும்போது மட்டுமே போட வேண்டும். அப்போதுதான் மடிப்புகள் இயல்பான நீளத்தில் நிற்கும். அங்கே ஹோஸ் கிளாம்பைப் போட்டு இறுக்கி முடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். கூட வருகிற ஸ்பிரிங் கிளிப் போதும். கேபிள் டை போடுவதானால் ரப்பரில் பள்ளம் விழாத அளவுக்கு, நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒட்ட வெட்டி.

லாக் நட்டும் டை ராட் எண்டும் எண்ணிய சுற்றுக்கே ஏறி, வொயிட்னர் கோடும் சுவரில் இருந்த கணக்கும் ஒத்துப்போயின. காசில் நட்டை இறுக்கும்போது துளை நேர் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் அடுத்த பல்லுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னால் தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதும் கூடாது, ஸ்டியரிங் மொத்தமும் அந்தக் கம்பித்துண்டை நம்பியிருக்கிறது. கடைசியில் லாக் நட்டை முடுக்கும்போது டை ராட் திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்புகள் உள்ளே உறிஞ்சிக்கொள்ளவில்லை, ஒரு பக்கம் பலூனாக உப்பவில்லை, எதிலும் உரசவில்லை. வலது பக்கமும் இதே கதைதான், ஸ்பிளிட் பின் மட்டும் நல்லபடியாக வந்தது.

அலைன்மென்டுக்குப் போகும்முன் வீட்டிலேயே ஒரு சோதனை. இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கி, ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸ் பூசி, ஆணியை அசையாமல் பிடித்து ஒரு கோடு இழுக்க வேண்டும். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி சஸ்பென்ஷன் பழையபடி உட்கார்ந்ததும், ஹப் உயரத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டயருக்கு முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அளந்தால் போதும். முன்னளவு கொஞ்சம் குறைவாக இருந்தால் டோ-இன். பின்சக்கர இழுவை வண்டிகளில் பொதுவாக அப்படித்தான் வைப்பார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ரோட்டிலும் நேராக ஓடியது. இருந்தாலும் மெஷினில் பார்த்துவிடுவதுதான் முறை. நூல் அரைச்சுற்று முன்னே பின்னே இருந்தால் வண்டி காட்டிக்கொடுக்காது, டயர் தேய்ந்துதான் காட்டும்.

இந்தமுறை வேறு கடை. பையன் டை ராடைப் பிடிக்கும்முன், கிளிப்பைப் பின்னால் தள்ளிவிட்டுத் திருப்பச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் செய்தான். கொஞ்சம்தான் திருப்ப வேண்டியிருந்தது. பூட் அசையவே இல்லை. கிளிப்பை மறுபடி ஏற்றிவிட்டான்.

வண்டி மஞ்சள் போர்டு, எட்டு வருஷம் தாண்டியது, அதனால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வருஷா வருஷம். அங்கே ஸ்டியரிங் பிளே பார்ப்பார்கள். அதற்கு முன்னால் இடது ரேக் எண்டை இன்னொரு தடவை விரலால் பார்க்க வேண்டும். கிளிக் வந்தால் பட்டறை.

வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைப் பூட்டின் கிளிப் ஓரத்தில் நேராகக் காட்ட வேண்டாம், ஆயில் ஸ்ப்ரேயும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். “ஸ்ப்ரே அடிக்கலேன்னா துருப்பிடிக்கும்ணே” என்றான் பையன். துருப்பிடிக்கிற இடம் எது என்று எனக்குத் தெரியும். சேஸிஸ் ஓரத்திலும் லீஃப் ஸ்பிரிங் கொக்கியிலும் நானே பிரஷ்ஷால் தொட்டுவிடுகிறேன். ரப்பர் இருக்கிற பக்கம் போவதில்லை.